ஆஷாடத்துக்கு முன்

அப்போது நான் மைசூருக்கு வந்து இரண்டாம் வருடம். வீடு கட்டித் தரும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளர் வேலை. கொத்தனார் என்றைக்கு முடிப்பார், வயரிங் ஆள் என்றைக்கு வருவார் என்று அட்டவணை போடுவதும், பிறகு அதன் பின்னால் நாயாய் அலைவதும்தான் என் பிழைப்பு. அந்த அலுப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது.

போகாதி பக்கம் ஒரு மாடி வீடு. ஆஷாடத்துக்கு முன்னால் கிருகப்பிரவேசம் நடந்தாக வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே கன்னடத்தில் சொல்லிவிட்டார். ஆஷாடம் என்றால் நம் ஆடிதானே? அறையில் தொங்கிய தமிழ் காலண்டரைப் பார்த்து, ஆடி பிறப்பதற்கு முந்தைய வாரத்தைக் கெடுவாக எழுதிக்கொண்டேன். இங்கே மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது என்பதும், ஆஷாடம் நம் ஆடிக்கு மூன்று வாரம் முந்திக்கொண்டது என்பதும் கிருகப்பிரவேசப் பத்திரிகை கைக்கு வந்த அன்றுதான் தெரிந்தது.

மூன்று வார வேலையைச் சுருக்கியதில் டைல்ஸ் ஒட்டும் வேலை, அதைச் செய்யும் தமிழரான ஹனூர்க்காரரின் விடுப்பில் போய் இடித்தது; ஹனூர் கொள்ளேகாலம் பக்கத்து ஊர். அவர் மனைவிக்குத் தலைப்பிரசவம். ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கிய விடுப்பு. நானே சிவப்பு மையில் குறித்திருந்தேன்.

தப்பு என்னுடையது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "வீட்டுக்காரம்மா திடீர்னு தேதிய முன்னாடி இழுத்துட்டாங்க. நான் என்ன பண்றது?" என்றேன்.

அவர் சிமெண்ட் கரண்டியைத் துடைத்து வைத்தார். "நல்ல காரியத்துக்குக் கேக்கறாங்க. இருந்து முடிச்சுட்டே போறனுங்க" என்றார்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு, மாடிக் குளியலறையில் முட்டி போட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது மனைவி பிரசவத்துக்குப் போயிருந்த கொள்ளேகாலத்திலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. சிமெண்ட் கையோடு போனைத் தொடாமல், அதை என் கையால் பிடித்துக் காட்டச் சொல்லித்தான் வந்த படத்தைப் பார்த்தார். சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

கிருகப்பிரவேசத்தன்று காலை பால் பொங்கியது. சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்த அம்மா அவரை நிறுத்தி வைத்திருந்தார். தோளில் பையோடு நின்றவர் கையில் இனிப்பைக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் சொன்னார்: "மாடி வரைக்கும் முடிச்சுட்டீங்களே! ஆஷாடம் போற வரைக்கும் யாரும் குடி வரப்போறதில்ல. இன்னைக்குப் பூஜைக்குக் கீழ்வீடு போதுமே. நாள் நெருங்கி நெருக்கடியா இருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. முதல் நாள் சொன்ன தேதிய நான் மாத்தவே இல்லையே, அப்புறம் ஏன் இந்த அவசரம்?"

ஹனூர்க்காரருக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த வீட்டுக்கு அவரைக் கூப்பிடவே கூச்சமாக இருந்தது. கூப்பிட்டேன், வந்தார். குழந்தை எப்படி என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னார். புது அட்டவணையை நீட்டினேன். அவருக்கான நாட்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தத் தேதி வீட்டுக்காரங்க சொன்னதுங்களா, நீங்க சொல்றதுங்களா?"

அவர் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். இப்போதும் அவர் அப்படித்தான் கேட்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் போன் போடுகிறேன்.