சாமி எறும்பும் நாற்பது தொட்டி ஆரஞ்சும்

1. பிசுபிசுப்பு

இலையைத் தொட்ட விரல் பிசுபிசுத்தால் நர்சரிக்காரனுக்குக் கெட்ட காலம் என்று அர்த்தம். அன்று காலை அது எனக்கு வந்தது. ஷெட்டுக்குள் வரிசையாக நின்ற தொட்டி ஆரஞ்சு மரங்களில் ஒன்றின் இலையை நடக்கிற போக்கில் தடவினேன். விரல் பாகில் விட்டதுபோல ஒட்டியது. இலையைத் திருப்பினால் நடு நரம்பு நெடுகக் கறுப்பாகப் பேன்.

புத்தகத்தில் அதற்கு அசுவினி என்று பேர். கிருஷி பவன் விவசாய ஆபீசர் மலையாளத்தில் முஞ்ஞ என்பார். எங்களுக்குப் பேன்தான். குருத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும், மிச்சத்தை இனிப்பு நீராகக் கழிக்கும். கையில் ஒட்டுவது அதுதான். விட்டுவைத்தால் அந்த இனிப்பின்மேல் கரும்பூசணம் படரும். மரம் சட்டென்று செத்துவிடாது. ஆனால் இலை சுருண்டு, கரி அப்பினதுபோல நிற்கிற மரத்தை எவன் வாங்குவான்?

எங்கள் நர்சரி பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். முப்பது வருஷம் அங்கே இருந்தேன். கடைசிப் பதினைந்து வருஷம் சூப்பர்வைசர். போன வருஷம்தான் ஓய்வு. நான் சொல்கிற மரங்கள் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் ஒட்டு மரங்கள். மொத்தம் நாற்பது. இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் தொட்டிகளை வைத்திருந்தோம். காந்தலூரில் ஹோம்ஸ்டே கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா அவற்றைக் கேட்டிருந்தார். வண்டி கொண்டுவர இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டவர் ருக்குமணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னோடு பன்னிரண்டு வருஷமாக வேலை செய்தவர். எங்கள் நர்சரியில் பெண்கள் மண் கலந்திருக்கிறார்கள், கவர் நிரப்பியிருக்கிறார்கள், களை பிடுங்கியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் ஆனதில்லை. என் இடத்துக்கு ருக்குமணியைப் போடலாம் என்று முதலாளிக்கு ஓர் எண்ணம். “காந்தலூர் மரத்த மொதல்ல இருந்து முடிவு வரைக்கும் ருக்குமணியே பாக்கட்டும். அது ஒழுங்காப் போச்சுன்னா அப்பறம் யாரும் வாயத் தொறக்க முடியாது” என்று என்னிடம் சொல்லியிருந்தார். ருக்குமணிக்கும் அது தெரியும்.

ருக்குமணியைக் கூப்பிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

“ஏனம்மணி, எலைக்கு அடிப்பக்கம் தண்ணி அடிக்கறதே இல்லியா?”

“அடிக்கறனுங்ணா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா, கீழ இருந்து மேலதானுங்ணா அடிக்கறேன்.”

“அப்பறம் இது எங்கிருந்து வந்துச்சு? ஆகாசத்துல இருந்து குதிச்சுதா?”

ருக்குமணி தொட்டி விளிம்பைக் காட்டினார். “இந்த எறும்பப் பாருங்ணா. இதுகதான் பேனுக்குக் காவலு. இதுக ஏறாமப் பண்ணிப்போட்டா…”

பார்த்தேன். சின்னக் கறுப்பு எறும்பு, ஒரே சீராக வரிசை போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் அதைப் பிள்ளையார் எறும்பு என்போம், சாமி எறும்பு என்றும் சொல்வோம். செவ்வெறும்பு வந்தால் பொடி தூவுகிற வீட்டில்கூட இதன்மேல் கைவைக்க மாட்டார்கள். கடிக்காது, சாதுவாகப் போகும், ஒதுங்கி வழி விடுவோம்.

“அது சாமி எறும்பும்மா. அது பாட்டுக்குப் போகுது. வேலையச் சரியாச் செய்யாம அதுமேல பழியப் போடாத” என்றேன். சொன்ன கையோடு பிள்ளையாரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ருக்குமணி தண்ணீர்க் குழாயை எடுக்கப் போனார்.

2. ஒரே ஒரு வாக்கியம்

முதலில் தண்ணீரைப் பீய்ச்சி எல்லா மரத்தையும் கழுவினோம். அடுத்த நாள் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அடித்தோம். மரங்கள் பளிச்சென்று ஆயின. எட்டாம் நாள் பேன் திரும்ப வந்தது. புகையிலையை ஊறவைத்து வடித்து அடித்தோம். அதற்கும் ஒரு வாரம்தான் ஆயுள்.

ஸ்டோரில் கடும் மருந்து ஒன்று இருந்தது. இலைக்குள்ளேயே ஊறி நிற்கிற ரகம். பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன். முதலாளி பார்த்துவிட்டார். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். அவர் அப்பா காலத்தில் விதைக் கடை, இவர் காலத்தில் நர்சரி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

“அத அங்கயே வைங்க. தங்க வர்றவங்க பிள்ளைக பறிச்சுத் தின்னும், கடும் மருந்து வேண்டாம்னு அந்தம்மா ஆர்டர் குடுக்கறப்பவே சொல்லியிருக்கு. நாம சரின்னு சொல்லியிருக்கோம்.”

“வேற வழி தெரியலீங்களே மொதலாளி.”

“ஏன் இப்பிடித் திரும்பத் திரும்ப வருது?”

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் வேலை பார்த்தவனுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. “ருக்குமணி எலைக்கு அடியில சரியா அடிக்கறதில்லீங்க” என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. மறுநாள் ருக்குமணியை மண் கலக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் பீய்ச்சும் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினார், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இரண்டு சத்தம் போட்டு மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன்.

3. கவிழ்த்த தொட்டி

இனி நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். ஒவ்வோர் இலையாகத் திருப்பிக் கழுவினேன். சுருண்ட குருத்தைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். மரம் நன்றாகப் பச்சை ஏறட்டும் என்று யூரியாவையும் ஒரு பிடி கூட்டினேன். அது என் இரண்டாவது தப்பு. யூரியா கூடினால் இளங்குருத்து தள்ளும், இளங்குருத்து என்றால் பேனுக்கு விருந்து.

ஒன்பதாம் நாள் விரல் ஒட்டியது.

காலியாகக் கிடந்த ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை அடித்தது என் கை. பழி போட ஆளில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எதிரே இருந்த கிளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பொறிவண்டு வந்து உட்கார்ந்தது. சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த சின்ன வண்டு. பேனைத் தின்கிற வண்டு. வாடி மகளே, சாப்பிடு என்று நினைத்தேன். அது முதல் பேனை நெருங்குவதற்குள் நாலைந்து எறும்புகள் ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்தன. வண்டு பறந்துபோயிற்று. எறும்புகள் திரும்பி வந்து ஒரு பேனின் முதுகை மீசையால் தட்டின. அது ஒரு சொட்டு இனிப்பு விட்டது. குடித்துவிட்டு அடுத்த பேனிடம் போயின. மாடு வளர்க்கிறவன் பால் கறக்கிற மாதிரி.

அரை மணி நேரம் அசையாமல் பார்த்தேன். மூன்று வண்டுகள் வந்தன, மூன்றும் துரத்தப்பட்டன. எறும்பு வரிசை ஸ்டாண்டின் காலில் ஏறி, தொட்டியைச் சுற்றி, தண்டு வழியாகக் குருத்துக்குப் போனது. என்ன கழுவினாலும் சுருண்ட இலைக்குள் பத்துப் பேன் தப்பும். அந்தப் பத்தை இவை காபந்து பண்ணிப் பெருக்கிவிடுகின்றன. ருக்குமணி என்னிடம் முதல் நாளே காட்டியது இதைத்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பேன் திரும்பி வந்ததற்காக அல்ல.

நேரே முதலாளியிடம் போனேன். “ருக்குமணி மேல தப்பில்லீங்க. எறும்பத் தடுக்கோணும்னு அன்னைக்கே சொல்லுச்சு. சாமி எறும்பும்மான்னு நாந்தான் அதட்டி அனுப்பிப்போட்டேன். உங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்.”

அவர் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, “எங்கள்லயும் எறும்பச் சும்மா கொல்லக் கூடாதும்பாங்க” என்றார். “அது நல்லதுதான். ஆனா எறும்பக் காப்பாத்தப் போயி மனுசி மேல பழி போட்டுட்டீங்களே.”

என்னைத் திட்டியிருந்தால் அது அன்றைக்கே மறந்திருக்கும். இது மறக்கவில்லை.

4. கிண்ணமும் குழாயும்

மண் கலக்கும் இடத்துக்கு நானே போனேன். “தப்புப் பண்ணிட்டேன் ருக்கு. வந்து பாரு” என்றேன். ருக்குமணி கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான். வண்டி வர மூன்று வாரம் இருந்தது.

“கொல்ல வேண்டாமுங்ணா” என்றார். “ஊட்டுல சக்கரை டப்பாவத் தண்ணித் தட்டத்துல வைக்கறதில்லீங்களா? அதேதானுங்.”

என் மனைவி கல்யாணம் ஆன நாளிலிருந்து சர்க்கரை டப்பாவை அப்படித்தான் வைக்கிறாள். தினம் அந்தச் சர்க்கரையில்தான் எனக்குக் காப்பி. வீட்டில் தெரிந்தது வேலையில் தெரியவில்லை.

ஸ்டாண்டுக்கு நாலு கால். ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீரை மட்டும் வைத்தால் கொசு முட்டையிடும், வீடு வீடாகச் சுகாதாரம் பார்க்கிற ஆஷா ஒர்க்கர் வந்து ஏசுவார். அதனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எண்ணெய் விடச் சொன்னார் ருக்குமணி. நிழல் வலையை உரசிய கிளைகளை, எறும்பு அந்த வழியாக ஏறாதபடி வெட்டினோம். எல்லா மரத்தையும் இன்னொரு தரம் கழுவினோம். யூரியாவை நிறுத்தினோம்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ஏழெட்டு மரத்தில் மறுபடி எறும்பு. கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது, கிளை எதிலும் இடிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. ருக்குமணி வரிசையைப் பின்பக்கமாகத் தொடர்ந்து போனார். தொட்டிக்குள் சொட்டுநீர் கொண்டுபோகிற டிரிப் குழாயில் போய் நின்றார். மெலிசான கறுப்புக் குழாய், அதன்மேல் கறுப்பு எறும்பு. கண்ணுக்கே தெரியவில்லை.

“பாருங்ணா, நம்மளே பாலங் கட்டிக் குடுத்திருக்கறோம்” என்று சிரித்தார். அந்த டிரிப்பைப் போட்டவன் நான்தான். துணித் துண்டில் கிரீஸ் தடவி ஒவ்வொரு குழாயிலும் ஒரு சுற்றுச் சுற்றினோம்.

அதற்கப்புறம் எறும்புகள் வேலியோரமாக வேறு வரிசை பிடித்துப் போயின. ஒன்றையும் நாங்கள் நசுக்கவில்லை. நாலைந்து நாளில் பொறிவண்டுகள் வந்து தங்க ஆரம்பித்தன. அவற்றின் புழு பார்க்க அசிங்கமாக, சின்ன முதலை மாதிரி இருக்கும். தெரியாதவர்கள் பூச்சி என்று நசுக்கிவிடுவார்கள். ருக்குமணி ஷெட்டில் வேலை செய்கிற எல்லோரையும் கூப்பிட்டு அதைக் காட்டி, இதைத் தொடக் கூடாது என்று சொல்லிவைத்தார். ஒரு பேன்கூட இல்லாமல் போயிற்று என்று சொன்னால் பொய். அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தது. மரத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. புதுக் குருத்து நேராக விரிந்தது.

5. விரலை வைத்துப் பார்த்தவர்

காந்தலூர் அம்மா விவரமானவர். வந்ததும் மரத்தின் உயரத்தைப் பார்க்கவில்லை, காயை எண்ணவில்லை. இலையைத் திருப்பி விரலால் தேய்த்தார். இப்படி ஏழெட்டு மரம் தேய்த்தார்.

“ஒட்டவே இல்லயே! ஊருல எங்க வீட்டுத் தொட்டியில எல்லாம் பிசினா ஒட்டுது. என்ன மருந்து அடிச்சீக?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி முந்திக்கொண்டார். “அவர்ட்ட கேக்காதீங்க. சூப்பர்வைசரு அந்தா நிக்கறாங்க, அவங்ககிட்டக் கேளுங்க” என்று ருக்குமணியைக் காட்டினார்.

நான் ஓய்வுபெற இன்னும் நாலு மாதம் இருந்தது. ருக்குமணி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சுருக்கென்று இருந்தது உண்மை. சந்தோஷமாகவும் இருந்தது, அதுவும் உண்மை.

“மருந்து இல்லீங்க” என்று ஆரம்பித்தார் ருக்குமணி. கிண்ணத்தைக் காட்டினார், குழாயைக் காட்டினார், சுவரில் படாமல் தள்ளி வைக்கச் சொன்னார். அந்த அம்மா போனில் படம் பிடித்துக்கொண்டார். நாற்பது மரமும் வண்டி ஏறிற்று.

வண்டி போன பிறகு ருக்குமணியிடம் கேட்டேன். பல நாளாகக் கேட்க நினைத்தது. “அன்னைக்கு நான் கேக்கலீன்னா, மறுக்காவும் சொல்லியிருக்கலாமில்ல ருக்கு?”

“எப்படிங்ணா சொல்றது? நான் பேசீட்டு இருக்கறப்பவே நீங்க கன்னத்துல போட்டுட்டீங்க. அப்பறமும் சொன்னா, நான் சாமியையே எதுத்துப் பேசற மாதரி ஆயிருமில்லீங்களா?”

நர்சரி வேலைக்கு வருகிற புதியவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். இலையைத் திருப்பிப் பாருங்கள். பேன் திரும்பத் திரும்ப வந்தால், அதற்குக் காவல் யார் என்று பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று: பக்கத்தில் நிற்கிறவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.