பாலை மறந்த பாக்டீரியா

மாசாய் நகரில் ஒரு சிறிய தயிர்த் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். ஒரே அறை, ஆளும் நான் ஒருத்திதான். பாலைத் தயிராக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவை, அதாவது உறையை, உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு. வாரம் ஒருமுறை பழைய சோதனைக் குழாயிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதுக் குழாயில் விடுவேன். குழாயில் இருப்பது பால் அல்ல. குளுக்கோஸ், யீஸ்ட் சாறு, இறைச்சிச் சாறு எல்லாம் சேர்த்துக் காய்ச்சிய பழுப்புத் திரவம். மறுநாளே கலங்கிவிடும். ‘வளர்ச்சி நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஒரு திங்கட்கிழமை தயிர் உறையவில்லை. கலனைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. லேசான புளிப்பு மட்டும். செவ்வாயும் அப்படியே. மேலாளர் என் அறைக்கு வந்தார்.

“உறை சரியா இருக்கா?”

“நல்லா இருக்கு சார். பால்லதான் ஏதோ. மாட்டுக்கு ஊசி போட்டிருப்பாங்க.”

ஊசி மருந்து பாலில் கலந்தால் பாக்டீரியா வளராது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைப் பட்டையைப் பாலில் நனைத்துப் பார்த்தேன், ஒன்றும் காட்டவில்லை. பட்டையில் தெரியாத மருந்தாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

எங்களுக்குப் பால் கொடுத்தவர் செடெனாக் என்ற ஊரில் மாடு வளர்ப்பவர். தானே லோரி ஓட்டி வருவார். புதன்கிழமை மேலாளர் சொன்னபடி காவலாளி அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிட, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“ஒரு மாசமா எந்த மாட்டுக்கும் ஊசி போடல மிஸ். வேணும்னா கொட்டாய்க்கு வந்து பாருங்க லா.”

“இப்ப எடுக்க முடியாதுண்ணே. டெஸ்ட் பண்ணிட்டு சொல்றோம்.”

தொழிலாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பால் டின்களோடு திரும்பிப் போனார்.

அன்று மதியம் கடையில் அட்டைப் பெட்டிப் பால் வாங்கி, எங்கள் உறையை அதில் விட்டேன். வியாழக்கிழமை காலை அதுவும் உறையவில்லை. அதற்கு மேல் மாட்டைக் குறை சொல்ல வழியில்லை.

மூன்று புட்டிகளில் பெட்டிப் பால் ஊற்றினேன். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் குளுக்கோஸ், மூன்றாவதில் யீஸ்ட் சாறு. மாலையில் மூன்றாவது மட்டும் கெட்டியாக உறைந்திருந்தது. ஆக, சர்க்கரை ஒரு குறையில்லை. பால் புரதத்தை வெட்டித் தின்னத்தான் என் பாக்டீரியாவுக்குத் தெரியவில்லை. வெட்டுவதற்கு ஒரு நொதி வேண்டும். பழுப்புத் திரவத்தில் புரதம் ஏற்கெனவே துண்டு துண்டாகக் கிடக்கும். அங்கே அந்த நொதிக்கு வேலையில்லை. அந்த நொதியை உண்டாக்கும் திறனை இழந்தவை சுமை குறைந்து வேகமாகப் பெருகியிருக்கின்றன. வாரா வாரம் மற்றவை குறைந்திருக்கின்றன. இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான்.

பால் கலந்த அகார் கூழ்த் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பினேன். பாக்டீரியா முளைத்த நிறைய புள்ளிகளுக்கு நடுவே நான்கைந்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் விழுந்தது. அவை இன்னும் புரதத்தை வெட்டுகின்றன. அவற்றை எடுத்துப் பாலிலேயே வளர்த்தேன். அடுத்த வாரம் பெட்டிப் பால் ஒழுங்காக உறைந்தது.

மேலாளரிடம் சொன்னேன். “அப்ப பால் மேல தப்பில்ல?” என்றார்.

“இல்ல சார். என் மேலதான்.”

“நீங்களே அவருகிட்ட போய் சொல்லிருங்க.”

செடெனாக்கில் அவர் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார், ஆனால் தண்ணீர்க் குழாயை மூடவில்லை.

“டெஸ்ட்ல ஒண்ணும் தெரியலயா?”

“ஒண்ணும் இல்லன்னுதான் வந்துச்சு. நான்தான் நம்பல.”

“டெஸ்ட்டையா, என்னையா?”

அவர் குரலை உயர்த்தவில்லை.

“கேட்ல எல்லாரும் பாக்கத்தான் திருப்பி அனுப்பினீங்க. இங்க வந்து சொன்னா யாருக்குத் தெரியும்? திங்கக்கெழம பால் கொண்டாரேன். அங்க சொல்லுங்க.”

திங்கட்கிழமை கேட்டில் காவலாளியும் ஏழெட்டுத் தொழிலாளிகளும் இருந்தார்கள். தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை சொன்னேன். பால் நல்ல பால், தப்பு ஆய்வுக்கூடத்தில் நடந்தது, செய்தது நான். முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டிவிட்டு லோரியின் பின்கதவைத் திறந்து டின்களை இறக்க ஆரம்பித்தார்.

நான் அந்த வேலையை விடும்வரை அவர்தான் எங்களுக்குப் பால் கொடுத்தார். என்னிடம் அதிகம் பேசியதில்லை.