துப்பாக்கி விஜயபுரத்தில், கடிதம் சித்தூரில், போட்டி திருப்பதியில்

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியோடு ஊர் சுற்றுகிறவர்கள் இந்த வலைப்பதிவைப் படிப்பவர்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஒருவர் இருந்தாலும் சரி, நான் பட்ட பாடு அவருக்கு வேண்டாம். உள்ளாட்சித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, விஜயபுரத்தில் கிளம்பிச் சித்தூர், மறுபடி விஜயபுரம், பிறகு திருப்பதி என்று காரில் 208 கிலோமீட்டர் சுற்றினேன். காரணம் என் அக்கா, தங்கை நான் வெறும் டிரைவர்.

அக்கா முப்பது வருடம் வெளியுறவுத் துறையில் இருந்தவள். நான்கு நாட்டுத் தூதரகங்களில் வேலை. ஓய்வு பெற்ற கையோடு அப்பாவின் சொந்த ஊரான விஜயபுரத்துக்கு வந்து, சுயேச்சையாக நிற்கும் ஒரு பெண்ணுக்காக ஊர் ஊராக ஓட்டுக் கேட்கிறாள். இது போதாதென்று ரைஃபிள் சுடும் போட்டி வேறு. மூத்தோர் பிரிவில் தேசியப் போட்டிக்குப் போக நான்கு வருடமாக முயற்சி செய்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை திருப்பதியில் நடந்த தேர்வுச் சுற்றை விட்டால் இந்த வருடமும் போச்சு.

ரைஃபிள்தான் கையில் இல்லை. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். போட்டியில் சுடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு, அக்காவுக்கும் உண்டு. ஆனால் வேர்க்கடலை வயலில் பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருக்கும் மூன்று விவசாயிகள், கொடுக்க முடியாது என்று முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா ஒரு பிரச்சாரக் கூட்டத்தில் எழுந்து, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், என்னோடதை முதல்ல கொடுக்கறேன்" என்று பேசிக் கைத்தட்டல் வாங்கி, ரைஃபிளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அவளைப் பார்த்து அவர்களும் கொடுத்தார்கள். தேர்தலுக்குப் பிறகு நடக்க வேண்டிய போட்டியை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டதாக மறுநாள் செய்தி வந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஒருமுறை ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால், சித்தூரில் இருக்கும் மாவட்ட அலுவலகத்தின் கடிதம் இல்லாமல் துப்பாக்கி வெளியே வராது. அதனால் காலை 6.10க்குக் கிளம்பினோம். வழியில் ஏழு இடத்தில் அக்கா கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டாள். அதில் நான்கு இடம் அவளுடைய தொகுதியே இல்லை. எட்டேகாலுக்குச் சித்தூர், 70 கிலோமீட்டர். இட்லி, வடை, காபி இருவருக்கும் 160 ரூபாய், சட்னி நன்றாக இருந்தது. அதிகாரி பத்தரைக்குத்தான் வந்தார். அக்கா ராஜாங்க விருந்தில் பேசுவதுபோல அவருடைய சொந்த ஊர் வரைக்கும் விசாரித்தாள். கடிதம் கைக்கு வரும்போது மணி 10.55. வாசலில் ஒருவர், "காணிப்பாக்கம் பக்கத்துலதான், பிள்ளையாரைப் பார்த்துட்டுப் போலாமே" என்றார். அவர்மேல் தப்பில்லை. நான்தான் எரிந்து விழுந்தேன்.

மறுபடி 70 கிலோமீட்டர். 12.35க்கு விஜயபுரம் ஸ்டேஷன். கான்ஸ்டபிள் கடிதத்தை இரண்டு முறை படித்து, "ஆர்டர் இருக்கு மேடம், சந்தகம் பெட்டண்டி" என்று கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினார். பெஞ்சில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியைக் கொடுத்த மூவரில் ஒருவர்.

"உங்குளுது குடுத்துட்டாங்களாம்மா?" என்றார்.

"போட்டி இருக்கு முனிரத்தினம். அதுக்கு விலக்கு உண்டு" என்றாள் அக்கா.

"எங்குளுக்கு எப்போ? நேத்துலேர்ந்து பன்னி வந்து துன்னுக்கினு இருக்குது. நானும் தரகாஸ்து எழுதிக் குடுத்துக்கினேதான் இருக்கேன்."

"தேர்தல் முடிஞ்சதும் கொடுத்துடுவாங்க."

"சரிம்மா. நல்லா சுட்டுட்டு வாங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அக்கா கையெழுத்து போட்டு ரைஃபிளை வாங்கிக்கொண்டாள், திருப்பதிக்குக் கிளம்பினோம். புத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நெரிசலில் நின்றபோது, "வண்டியைத் திருப்பு. ரைஃபிளைத் திருப்பிக் கொடுத்துடலாம்" என்றாள் அக்கா. மணி 1.35. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கைத்தட்டலுக்கு ஆசைப்பட்டது நீ, அலைஞ்சது நான். முதல்ல சுடு, மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு நேராக ஓட்டினேன். 2.22க்குத் திருப்பதி, 68 கிலோமீட்டர். இரண்டரைக்குப் பெயர் பதிவு முடிகிறது. அக்கா சுட்டாள். மூன்றாம் இடம், தேசியப் போட்டிக்குத் தேர்வு. ஐந்து மணிக்குப் பிரச்சாரம் ஓய்ந்தபோது அவள் இன்னும் மைதானத்தில்தான் இருந்தாள்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: பெட்ரோல் எனக்கு 1,500 ரூபாய் ஆனது. சித்தூர் அலுவலகத்துக்குப் பத்தரைக்கு முன்னால் போய்ப் பயனில்லை. புத்தூர் நெரிசலுக்கு இருபது நிமிடம் கூடுதலாக வையுங்கள். விலக்குக் கடிதத்தைத் தேர்தல் அறிவித்த அன்றே வாங்கிக்கொள்ளுங்கள். மேடையில் எதையாவது ஒப்படைப்பதாகச் சொல்லும் முன்பு காலண்டரைப் பாருங்கள்.

மறுநாள் காலை அக்கா முனிரத்தினத்தின் வயலுக்குப் போக வேண்டும் என்றாள், நானே ஓட்டினேன். கால் ஏக்கர் உழுதுவிட்டதுபோலக் கிளறிக் கிடந்தது. அவரும் அவர் மனைவியும் குனிந்து, தேறுகிற காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினாவதா வந்தீங்கம்மா?" என்றார்.

"மூணாவது."

"மூணாவதாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் அக்கா வந்திருந்தாள். முப்பது வருடம் ஒரு தேசத்துக்காகப் பேசியவள், அந்த வரப்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களோடு குனிந்து காய் பொறுக்கினாள். என்னால் தாங்க முடியாமல், "அக்கா துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கணும்னுதான் சொன்னா. நான்தான் வண்டியைத் திருப்பல" என்றேன்.

முனிரத்தினம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க" என்றார்.