நத்தைக்கு வாங்கிய கள்ளு

மாசிப் பனிக்கும் பங்குனி வெயிலுக்கும் இடையில் எங்கள் வீட்டு வளவுக்கு ஒரு சின்னப் பருவம் உண்டு. பஞ்சாங்கத்தில் அதற்குப் பெயரில்லை. மாரி குடித்த மண் முழுதாகக் காய்ந்திருக்காது. கிணறு கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். விடியலில் வாழையிலை நுனியில் ஒரு சொட்டு, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். பத்து மணிக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். பூக்கன்றுகளுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. நத்தைகளும் அப்படித்தான் நினைக்கின்றன.

ஓட்டைச் சுமந்து திரிகிற நத்தையைச் சொல்லவில்லை. எங்கள் வளவுக்கு வந்தது ஓடில்லாத நத்தை. விரல் நீளம், நனைந்த சாக்கின் நிறம். வீடில்லை, எலும்பில்லை, அவசரமும் இல்லை. பகல் முழுக்கப் பூச்சாடிக்கு அடியிலும் கல்லுக்கு அடியிலும் கிடந்துவிட்டு, இருட்டிவருகிற மைம்மல் பொழுதில் வெளிக்கிடும். விடிந்து பார்த்தால் சீமெந்து நிலத்தில் அது போன வழியெல்லாம் வெள்ளிக் கோடு. எனக்கு அந்தக் கோடுகளைப் பிடிக்கும். ஓரிடத்தில் இருக்கத் தெரியாதவள் நான். ஒரு தேத்தண்ணியைக்கூட உட்கார்ந்து குடித்ததில்லை. இவ்வளவு ஆறுதலாகப் போயும், போகவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேருகிற ஒன்றைக் கண்டால் கொஞ்சம் பொறாமை வரும். ஒருநாள் விடியற்காலை இதை என் கணவரிடம் சொன்னேன். அவர் பாத்தியடியில் குந்தியிருந்து, ஓட்டை விழுந்த ஒரு செவ்வந்தி மொட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்குக் கோடு," என்றார். "எனக்கு மாலை."

அந்த மாலையின் கதை முந்தின பங்குனியில் தொடங்கியது. எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பங்குனித் திங்கள் விசேஷம். கடைசித் திங்கள் பூசை எங்கள் வீட்டு உபயம், அன்று அம்மனுக்குச் சாத்துகிற மாலையும் எங்கள் பொறுப்பு. அந்த முறை இவர் யாழ்ப்பாணம் போய், கடையில் பெரிய மாலையாக ஒன்று வாங்கி வந்தார். நன்றாக மினுங்கியது. மினுங்கியது ஜிகினா. கோயிலில் ஐயர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூலஸ்தான வாசலில் நின்றபடியே ஜிகினாத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். மேளம் நின்றது. கூப்பிய கைகளோடு சனமெல்லாம் காத்து நின்றது.

"அம்பாளுக்குக் குத்துமெல்லோ," என்றார் ஐயர், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

அந்தக் குரலைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து திருப்பித் திட்டிவிட்டு மறந்திருப்பார். "வாற வருசம் என்ரை வளவுப் பூவிலைதான் மாலை, ஐயா," என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற மனிதர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அத்தனை பேருக்கும் முன்னால் ஒரு சொல்லைச் சொன்னால் கடைசி வரியில் விடை வந்தே ஆகவேண்டும்.

அதுவரை பூவென்றால் சாமித்தட்டில் இருப்பது என்ற அளவில்தான் அவருக்குப் பழக்கம். மாரியோடு மாரியாகச் செவ்வந்தி நாற்று வாங்கி வந்தார். பாத்தி கட்டினார். நூல் பிடித்து நட்டார். ஒன்று வரிசை விலகியபோது பிடுங்கித் திரும்ப நட்டார். மாசியில் மொட்டுக் கண்டதும் காலையும் மாலையும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். வளவெல்லாம் காய்ந்து வெளிறத் தொடங்கிய பிறகும் அவரது பாத்தியில் மட்டும் மாரி முடியவில்லை. ஊரில் உள்ள நத்தைகளுக்கெல்லாம் எப்படியோ செய்தி போய்விட்டது.

உப்பைத் தூவினால் நத்தை கரைந்துபோகும் என்று எல்லோருக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் பங்குனி முழுக்க அவர் விரதம், மரக்கறி, உயிர்க்கொலை கூடாது. மற்றைய மாதங்களில் இதே மனிதர் சந்தைக்குப் போய், உயிர் நண்டைப் பின்னங்காலில் பிடித்துத் தூக்கி, பாரம் பார்த்து, சிரித்துக்கொண்டே வாங்கி வருகிறவர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முதலில் பொறுக்கினார். விடியலில் சிரட்டையும் ஈர்க்குமாக, ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்து, வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையின் முடிவில் உள்ள வெறுங்காணியில் கொண்டுபோய் விட்டார். அதை முன்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், எங்கள் வாசல் படலைக்கு நேரே அவருடைய படலை. எங்கள் வீட்டில் நடப்பது எங்களுக்குத் தெரியவரும் முன்னமே அவருக்குத் தெரியும்.

"தம்பி, நேற்று நீங்கள் கொண்டுபோய் விட்டவை இரவு திரும்பி உங்கடை வளவுக்குப் போகினம், கண்டனான்," என்றார். "நல்லாப் பாதை தெரியுது அவைக்கு. நீங்கள் வீணாச் சுமக்கிறியள், சொன்னால் அவை தாங்களே நடந்து வருவினம் போவினம்."

"அப்ப என்ன அக்கா செய்யிறது?"

"சாம்பலைப் போட்டுப் பாருங்கோவன்."

எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது. அக்காவே தன் விறகடுப்பிலிருந்து ஒரு வாளி அள்ளித் தந்தார். இவர் ஒவ்வொரு செவ்வந்தியைச் சுற்றியும் வட்டம் போட்டார். கவராயம் வைத்தது போன்ற வட்டம். ஒருநாள் இரவு நத்தை வரவில்லை. மறுநாள் வழக்கம்போல வாளி வாளியாகத் தண்ணீர் விட்டார். சாம்பல் குழைந்து சேறாகிவிட்டது. அடுத்த நாள் காலை, திருநீறு பூசிய அடியார்கள் மாதிரி நத்தைகள் அந்தச் சேற்றில் சுகமாகக் கிடந்தன.

பிறகுதான் கைபேசியில் ஒரு காணொளி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் தன் தோட்டத்தில் சின்னக் கிண்ணம் ஒன்றைப் புதைத்து, அதற்குள் பியர் ஊற்றிக்கொண்டிருந்தார். கடைசித் திங்களுக்கு முந்திய சனிக்கிழமை அது. இவர் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"இஞ்சரும், பியர் வாசத்துக்கு நத்தை வருமாம். வந்து குடிச்சிட்டு உள்ளுக்கை விழுந்து போகுமாம்."

"அப்ப கொலை பாவமில்லையோ?"

"நாங்கள் என்ன கழுத்தைப் பிடிச்சே பருக்கிறம்? தானா வருகுது, தானாக் குடிக்குது. அது அதின்ரை பாடு."

"நத்தைக்குக் கழுத்தும் இல்லை," என்றேன். பிறகு என் வாய் சும்மா இருக்கவில்லை. "பியருக்கு ஏன் போறியள்? பனையெல்லாம் முட்டி கட்டித் தொங்குது. கள்ளு வையுங்கோவன். ஊர் நத்தை, ஊர்க் கள்ளு."

பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் கணக்கின் அடுத்த படியைக் கண்டவர்போல என்னைப் பார்த்தார். எலுமிச்சைச் சோடாப் போத்தல் வெறுமையாக ஒன்று கிடந்தது. அதைக் கழுவி எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

கள்ளு விற்கிற தவறணையில் நடந்ததை அவரே பிறகு சொன்னார், அதுவும் நான் தோண்டித் தோண்டிக் கேட்டதால். வாழ்நாளில் அவர் கால் வைத்திராத இடம். வாசலில் குந்தியிருந்தவர்களில் அரைவாசிப் பேர் அவருடைய பழைய மாணவர்கள். எல்லோரும் எழும்பிவிட்டார்களாம்.

"மாஸ்டர், நீங்கள் முன்னுக்கு வாங்கோ."

"எனக்கில்லை, நத்தைக்கு," என்றாராம் இவர்.

ஒருவரும் சிரிக்கவில்லையாம். மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார்களாம். பின்னால் நின்ற ஒருவர் மட்டும், "ஓம் மாஸ்டர், எங்கடை வீட்டிலையும் சரியான நத்தை," என்றாராம்.

கள்ளுப் போத்தலை இறுக்கி மூடக்கூடாது. குடிக்கிறவனுக்குத் தெரியும், குடிக்கிறவனின் வீட்டுக்காரிக்கும் தெரியும். இவருக்குத் தெரியாது. ஒழுக்கத்தால் வந்த அறியாமை. பாதி வழியில் சிந்திவிடும் என்று பயந்து, மூடியைப் பல்லைக் கடித்துத் திருகி, பையில் போட்டுச் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு வந்திருக்கிறார். ஒழுங்கையின் குண்டும் குழியும் கள்ளைக் குலுக்கி எடுத்தன. சரியாக முன்வீட்டுப் படலைக்கு நேரே மூடி வெடித்துப் பறந்தது. நுரை பொங்கி, பை நனைந்து, அவருடைய வெள்ளைச் சேட் நனைந்து, பங்குனி மாத ஒழுங்கை முழுக்கப் புளித்த வாசம்.

அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். எவ்வளவு ஆறுதலாக வந்தார் என்றால், நத்தை தோற்றது.

"என்ன தம்பி, திங்கட்கிழமைக்கு ஆயத்தமோ?"

"நத்தைக்கு அக்கா."

"ஓமோம், நத்தைக்குத்தான். சேட்டைக் கழட்டிப்போட்டு உள்ளை போங்கோ. இல்லாட்டி இரவைக்கு எல்லாம் உங்களிலை ஏறிப்போடும்."

போத்தலில் மிஞ்சியதை மைம்மலில் சிரட்டைகளில் ஊற்றி, செடிகளுக்கு இடையிடையே வைத்தார். அளவு பார்த்து, ஒன்றுக்கொன்று சமதூரத்தில். பிறகு நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, தோய்ந்த சேட்டை வாளியில் ஊறப்போட்டுவிட்டுப் படுத்தார். எனக்கு நித்திரை வரவில்லை. பாத்திப் பக்கம் ஒரு திருவிழா நடப்பது போலிருந்தது.

ஞாயிறு காலை சிரட்டைகளில் ஒன்றிரண்டு நத்தைதான் கிடந்தன. மற்றவை வந்திருந்தன, குடித்திருந்தன. சிரட்டையின் சொரசொரப்பான விளிம்பில் ஏறிப் போயும் இருந்தன. வெள்ளிக் கோடுகள் வழக்கம்போல நேராக இல்லை. வளைந்து, திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எங்கே போகிறோம் என்று தெரியாதவர்கள் எழுதிய கோடுகள். எல்லாம் கடைசியில் செவ்வந்தியில் போய் முடிந்தன. இத்தனை நாளும் ஓட்டை போட்டவை அன்று பூவையே காணாமல் ஆக்கியிருந்தன.

அக்கா வேலியோடு நின்று பார்த்தார்.

"கள்ளை வைச்சால் தொட்டுக் கடிக்கப் பைட்ஸ் தேடாதோ பிள்ளை?" என்றார் என்னிடம். "பக்கத்திலை மொறுமொறுவெண்டு மொட்டு."

நான் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது இவர் சிரிக்கவில்லை. பாத்தியடியில் குந்தியிருந்து, மிஞ்சிய பூக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சி கடித்த பூ சாமிக்கு ஆகாது. ஒரு இதழில் ஊசித்துளை இருந்தாலும் ஆகாது. திருப்பிப் பார்த்து, ஒதுக்கி, திருப்பிப் பார்த்து, ஒதுக்கி, கடைசியில் ஒரு கைப்பிடி தேறியது. மாலைக்கு அல்ல, ஒரு கைச்செண்டுக்குக்கூடக் காணாது. நாளைக்குத் திங்கள்.

அக்காவின் குரல் மாறிவிட்டது. "தம்பி, என்ரை வளவிலையும் செவ்வந்தி நிக்குது. எல்லாத்தையும் ஆய்ஞ்சு கொண்டுபோங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் அக்கா."

அவ்வளவுதான். அக்கா அதற்குமேல் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்து அன்றுதான் முதல் தடவை. இவர் எழும்பிச் சைக்கிளடிக்குப் போனார். யாழ்ப்பாணம் போகிற யோசனை. கைபிடியைப் பிடித்தபடி நின்றார். பிறகு சைக்கிளைத் திரும்பச் சுவரில் சாய்த்து விட்டார். ஜிகினா அவருக்குத்தான் இன்னமும் குத்திக்கொண்டிருந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முற்றத்தில் நடந்தேன், கிணற்றடிக்குப் போனேன், வாளியை விட்டேன், அள்ளாமல் இழுத்தேன். அப்போது நிமிர்ந்து பார்த்தேன். செவ்வலரி.

கிணற்றடியில் அது எப்போது முளைத்தது என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் முழுகுகிற தண்ணீர்தான் அதற்குக் கிடைக்கிற தண்ணீர். பாத்திக்கு நிழல் விழுகிறது, நஞ்சு மரம் வேறு என்று சொல்லி, மார்கழியில் இவர் கத்தியோடு வந்தார். நான் மறித்தேன். அதற்காக ஒரு நேரம் நாங்கள் கதைக்காமல்கூட இருந்தோம். இப்போது கொப்புக் கொள்ளாத பூவோடு நின்றது. கொப்பை வளைத்து ஒவ்வொரு பூவாகப் பார்த்தேன். ஒரு துளையில்லை. ஒரு வெள்ளிக் கோடுகூட அந்தப் பக்கம் போகவில்லை. கள்ளுக் குடித்த நத்தைக்கும் அலரி நஞ்சென்று தெரிந்திருக்கிறது.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டேன். "உதுவும் எங்கடை வளவுதானே?"

வந்தார். அண்ணாந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"நட்டதில்லை, தண்ணி விட்டதில்லை. உதை எப்பிடி நான் வளர்த்த பூ எண்டு குடுக்கிறது?"

"வெட்டாமல் விட்டியள்தானே."

"நீர் வெட்ட விடேல்லை. அதாலை வெட்டேல்லை."

"அப்ப எங்கள் ரெண்டு பேற்றை பூ," என்றேன்.

திங்கள் விடியப்புறம் இருவருமாகப் பூ ஆய்ந்தோம். வாழைநாரை நனைத்து அவரே கட்டினார். என்னைத் தொட விடவில்லை. ஒரு பக்கம் நெருக்கம், ஒரு பக்கம் ஐதாக, நூல் பிடித்து நட்ட மனிதரின் கையிலா இது என்று கேட்கத் தோன்றும் மாலை. நடுவில், தொங்கலுக்கு, தப்பிப் பிழைத்த அந்தக் கைப்பிடி செவ்வந்தி.

கோயிலில் ஐயர் மாலையை வாங்கினார். விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இவர் மூச்சை விடவில்லை என்பது எனக்குக் கேட்டது.

"அலரி," என்றார் ஐயர். "அம்பாளுக்கு உகந்தது. வளவுப் பூவோ மாஸ்டர்?"

"ஓம் ஐயா."

மேளம் நிற்கவில்லை. மாலை ஏறியது. இவர் கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணிலிருந்து கொஞ்சம் வழிந்தது. நானும் மூடலாம் என்று பார்த்தேன். பின்னால் நின்ற அக்கா, கைகூப்பியபடி, கண்ணைத் திறக்காமலே என் காதுக்குள் சொன்னார்:

"நடுவிலை தொங்கிறது பைட்ஸ் மிச்சம்."

அம்மனுக்கு முன்னால் சிரிப்பை அடக்கியதில் எனக்கும் கண்ணீர் வந்தது. பார்த்தவர்கள் குடும்பமே பக்தியென்று நினைத்திருப்பார்கள்.

அன்று பின்னேரம் நான் வாசலில் நின்றபடி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். இவர் செவ்வந்திப் பாத்திப் பக்கம் போகவில்லை. கிணற்றடியில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, "அலரிக்குத் தண்ணி விட்டனீரோ?" என்று கேட்டார்.

பிறந்த நாள் தொட்டு அந்த மரம் யாரிடமும் தண்ணீர் கேட்டதில்லை. இல்லை என்றேன். அவர் வாளியை எடுத்தார். ஒரு வாளி, இரண்டு வாளி, அடியெல்லாம் குளமாக. அந்த ஈரத்துக்கு நாளைக்கு யார் வந்து படுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கே புதினமாக இருக்க, வாசற்படியில் உட்கார்ந்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.