கண்ணாடிக்குள் ஆடிய தண்ணீர்

சங்கரன்கோவிலில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஆலை ஒன்றில் எனக்கு பாய்லர் வேலை. இருபது வருடமாக நீராவியோடுதான் குடித்தனம். கடலோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. கிணற்று நீச்சல்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் தூத்துக்குடிக்கு பஸ் ஏறியதற்குக் காரணம் என் சர்ட்டிபிகேட்.

அங்கே ஆறு பேர் சேர்ந்து, வெள்ளைக்காரன் காலத்து நீராவிப் படகு ஒன்றைச் சம்பளம் வாங்காமல் பழுது பார்த்துவந்தார்கள். எல்லோரும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். டீசல் தெரியும், கடல் தெரியும். பாய்லர் சர்ட்டிபிகேட் மட்டும் ஒருவரிடமும் இல்லை. அது உள்ள ஆள் இல்லாமல் தீ மூட்டக்கூடாது என்பது சட்டம். யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார்கள்.

"இங்கன நாம தண்ணி லாரி பின்னால ஓடுதோம். நீங்க கப்பலோட்டப் போறீயளாக்கும்" என்றாள் என் மனைவி. எனக்கோ, கரையில் நிற்கிற பாய்லரும் கடலில் போகிற பாய்லரும் ஒன்றுதானா என்று பார்த்தே தீர வேண்டும்.

படகைக் கட்டிப் போட்டிருந்தவரை ஒன்றாகத்தான் இருந்தது. குழாய்களைக் குத்திச் சுத்தம் செய்தேன், தீ மூட்டினேன், அது என்ன இது என்ன என்று எல்லோரையும் துளைத்தெடுத்தேன். சுக்கான் பிடிக்கும் அண்ணாச்சிதான் பொறுமையாகப் பதில் சொல்வார். நாலு வருடமாக அந்தப் படகைச் சுரண்டிச் சாயம் பூசியவர். "ஒரு தடவையாவது இத கயிறு இல்லாம பாக்கணும்வே" என்பார்.

அதற்கு ஒரு நாள் வந்தது. சோதனை பார்க்க அதிகாரி ஒருவர் ஏறிக்கொண்டார். கடலில் கிடக்கும் மிதவை வரை போய்த் திரும்பினால் ஓட்ட அனுமதி. இல்லையென்றால் படகு கரையிலேயே காட்சிப் பொருள்.

மிதவையருகே படகு திரும்பியது. கீழே நான் பாய்லரின் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்ற தண்ணீர் விறுவிறுவென்று இறங்கிக் காணாமல் போனது. கண்ணாடியில் தண்ணீர் இல்லையென்றால் தீயை வெளியே வாரு, இல்லாவிட்டால் பாய்லர் வெடிக்கும், யோசனை அப்புறம்: என் தொழிலின் முதல் பாடம் அது. வாரிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், தண்ணீர் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பாதிக் கண்ணாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வாரின தீ போனது போனதுதான்; மறுபடி மூட்டி நீராவி ஏற மணிக்கணக்காகும். ஒரு மீன்பிடிப் படகு எங்களைக் கட்டி இழுத்து வந்தது. "இன்னும் ஒரு தடவை பாப்போம். அதோட சரி" என்று சொல்லிவிட்டு அதிகாரி இறங்கிப் போனார்.

"ஏம்வே தீய எடுத்தீரு?" அண்ணாச்சி கோபமில்லாமல் கேட்டார். சொன்னேன். தாடையைச் சொறிந்தார். "திரும்பும்போது படகு சாயும்லா? உம்ம கண்ணாடி ஒரு ஓரத்துல இருக்கு. தண்ணி அடுத்த பக்கம் போயிருக்கும். நாந்தான் திருப்புதேன்னு சொல்லிருக்கணும். தப்பு எம்மேலதான்."

ஊருக்கு வரும் பஸ்ஸில் பாதித் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடியே வந்தேன். இவ்வளவுதானா! இருபது வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லையே. பக்கத்து சீட்டுக்காரர் கோவில்பட்டியில் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

அடுத்த ஓட்டத்தில் மிதவை வந்ததும் மேலேயிருந்து சத்தம் வந்தது: "திருப்புதேன்வே!"

தண்ணீர் இறங்கியது. மறைந்தது. தீ வாரும் கம்பியில் என் கை. பாட்டிலை நினைத்துக்கொண்டேன். படகு நிமிர்ந்தது, தண்ணீர் மெல்ல ஏறி வந்தது. யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஓவென்று கத்தினேன். கரைக்கு வந்து, கயிறு கட்டி, அதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகும் அண்ணாச்சி சுக்கான் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆலையில் பாய்லர் முன்னால் நின்றேன். கண்ணாடியில் தண்ணீர் அசையாமல் நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும். ஆனாலும் மேலேயிருந்து யாராவது "திருப்புதேன்வே" என்று கூப்பிட மாட்டார்களா என்று காது காத்துக்கொண்டே இருந்தது.