வைக்கோல் போருக்குள் என் வீடு

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. எனக்கு ஜல்லி சுமக்கும் வேலை. அதற்கு முன் கடம்பத்தூரில் செங்கல் சூளை, பொதட்டூர்பேட்டையில் சோடாக் கடை. எதிலும் ஒரு வருடம் முழுசாக நின்றதில்லை.

தங்க இடம் கொடுத்தவர் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடுகிறவர். நைனா என்று கூப்பிடுவேன். அவருடைய ஓட்டு வீட்டின் பின்சுவரில் கீற்றைச் சாய்த்து ஒரு மறைப்பு இருந்தது. காலை முக்கால்வாசி நீட்டலாம். அதுதான் என் வீடு. வாடகைக்குப் பதிலாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவேன், இங்கிலீஷில் வரும் காகிதங்களைப் படித்துச் சொல்வேன். நான் ஒன்பதாவது பெயில். அந்தத் தெருவில் என்னைவிடப் படித்தவன் இல்லை.

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு நாள், நைனா டிரங்குப் பெட்டியிலிருந்து வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து நீட்டினார்.

“பொயலு வர்றதுக்குள்ள இத்த ஒருதபா படிச்சிடு. இன்னா இன்னாத்துக்குக் குடுப்பான்?”

விரலை வைத்து அரைமணி நேரம் படித்தேன். “நெருப்புக்குக் குடுப்பான், இடிக்குக் குடுப்பான். புயலுக்கு இல்ல நைனா. அதுக்குத் தனியா எழுதி வாங்கணும்.”

“நெருப்பா? இந்த ஊர் ஈரத்துக்கு அடுப்பே பத்த மாட்டேங்குது. ஊடு எங்க பத்தப்போவுது?”

“அந்த ஏஜெண்ட் சைக்கிள்ல வந்து பல்லக் காட்டுனான், நீ கையெழுத்துப் போட்ட” என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. சுவரை ஒட்டிக் கீற்றுக் கூரை இருந்தால் பாலிசி செல்லாது. அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்தது. மடித்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் புயலுக்கும் எழுதி வாங்கி, நாளைக்கு ஓடு பறந்து, என் கீற்றால் அவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போனால்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

நைனா கீற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பிரிச்சிட்டா நீ எங்க படுப்ப?”

வீடு என்பது உள்ளே ஒரே அறை. அதில் அவர்கள் இரண்டு பேர், பதினெட்டு நெல் மூட்டை. எனக்கு இடமில்லை என்பது கேட்காமலே தெரியும். அதனால் யோசனையை நானே சொன்னேன். புயலுக்கு எழுதுமுன் ஏஜெண்ட் வீட்டைப் பார்க்க வரும் அன்று கீற்றின் மேல் வைக்கோலை அள்ளிப் போட்டு மூடிவிடலாம். பார்க்கிறவனுக்கு வைக்கோல் போர்.

நன்றாகத்தான் மூடினோம். ஏஜெண்ட் வீட்டைச் சுற்றி வந்து போரின் எதிரே நின்றார்.

“இது என்னங்க?”

“வைக்கப்போரு சார்” என்றார் நைனா.

“அதான் கேக்கறேன். கீத்தா இருந்தாக்கூட ஏதாவது பேசிப் பாக்கலாம். போரைச் சுவத்தோட ஒட்டி வெச்சா நெருப்புக்கே செல்லாதே. இருபதடி தள்ளி வைங்க. அடுத்த வாரம் பாத்துட்டு, அப்புறம் புயலுக்கு எழுதறேன்.”

சைக்கிள் போனதும் அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து சிரித்தார். “ரெண்டு பேரும் சேந்துகினு இருந்த நெருப்பையும் அணைச்சிட்டீங்க.”

அன்று சாயங்காலமே பிரித்தோம். கீற்றைக் களத்து மேட்டில் நாலு கழி நட்டுப் போட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் ஏஜெண்ட் வந்து வெறும் சுவரைப் பார்த்துத் திருப்தியாகப் புயலையும் சேர்த்து எழுதினார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் காற்று வந்தது. என் குடிசை முதல் வீச்சிலேயே கிளம்பி ஏரிப் பக்கம் போனது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். தலைக்கு மேல் ஓடுகள் கழன்றுகொண்டிருந்தன. நைனா மூட்டைகளுக்கு நடுவே ஓர் இடுக்கைக் காட்டினார். “அங்க குந்து. எத்தினி ஓடு போவுதுன்னு பாத்துகினே இரு. நாளைக்கு அவன் கேப்பான்.” நூற்றுச் சொச்சம் வரை எண்ணினேன். பிறகு வானம்தான் தெரிந்தது.

நாலாம் நாள் ஏஜெண்ட் வந்தார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சுவரை ஒட்டிக் கீத்து ஏதாவது இருந்துதாப்பா?”

“ஒரு ஓலைகூட இல்ல சார்” என்றேன். அந்த ஆளிடம் எங்கள் வீட்டிலிருந்து சொன்ன முதல் உண்மை அது. தாளை நீட்டினார். சாட்சிக் கையெழுத்துப் போட்டேன், இங்கிலீஷிலேயே.

சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

“போய்க் கீத்து வாங்கினு வா. பழைய எடத்துலயே போட்டுக்கோ. இந்தத் தபா கால் முழுசா நீட்டற மாதிரி போடு.”