கண்டெடுத்தவர் என்ற கட்டம்

அகழாய்வுக் குழியில் எல்லோரும் அவளைச் சல்லடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக மண்ணைச் சுரண்டி, சலித்து, ஓடு வேறு கல் வேறு என்று பிரித்து வைப்பது அவள் வேலை. விரல் நுனியில் பட்டாலே இது பானை ஓடு, இது எலும்பு என்று சொல்லிவிடுவாள். அகழாய்வை நடத்தும் பேராசிரியர் இருக்கிறாரே, அவருக்கு அதைச் சொல்ல இரண்டு புத்தகமும் ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டும். மகானுபாவருக்குக் குழியில் இறங்கினால் முழங்கால் வலிக்கும்; கேமராவைக் கண்டால் மட்டும் அந்த வலி எங்கே ஓடுமோ தெரியாது.

ஆயிரம் வருஷத்துத் தங்கப் பதக்கம் ஒன்று குழியில் கிடைத்த அன்று அவர் ஊரிலேயே இல்லை. மச்சினி கல்யாணத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மழை வரும்போல் இருந்ததால், சல்லடையக்கா கருஞ்சாம்பல் அடுக்கிலிருந்து அதைப் பெயர்த்தெடுத்து, பஞ்சு வைத்துப் பெட்டியில் பூட்டி, போன் போட்டுச் சொன்னாள். மறுநாள் வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? பதக்கத்தைக் கழுவித் துடைத்து, வெளிச்சம் நன்றாக விழும் பக்கமாகப் பார்த்துச் செம்மண்ணில் பதித்துவைத்து, பிரஷ்ஷும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டார். பதிவேட்டில் ‘கண்டெடுத்தவர்’ என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதிக்கொண்டார். வெட்கமாவது, மானமாவது!

பேப்பரில் படம் வந்தது. ஓரத்தில் அவளுடைய முழங்கை மட்டும் தெரிந்தது.

“அடியே, உன் முழங்கை பேப்பர்ல வந்துடுச்சு! இனிமே உன்னைக் கையில பிடிக்க முடியாது,” என்றான் புருஷன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. புது அருங்காட்சியகத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். கண்டெடுத்தவர் என்று பதிவேட்டில் பெயர் இருக்கும் கூலியாளுக்கு முதலிடம். குழியை மூடிவிட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. புருஷனும் முதுகு போய் லாரி ஓட்டுவதை விட்டு ஒரு வருஷமாகிறது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

“சார், நான்தானே எடுத்தேன். என் பேரை எழுதிக் குடுங்க சார்.”

“கண்ணுல படறது வேற, கண்டுபிடிக்கிறது வேறம்மா. அதெல்லாம் உனக்குப் புரியாது. போய் வேலையைப் பாரு.”

ஒரு கூடை மண்ணை அப்படியே அவர் தலையில் கொட்டலாம் போலிருந்தது அவளுக்கு. கொட்டியிருந்தாலும் தப்பில்லை என்பேன் நான்.

அவருக்கு வினை அந்தப் படத்திலேயே வந்தது. தலைநகரிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். தலைவராக வந்த அம்மாள் படத்தை மேசைமேல் போட்டார்.

“இந்தச் செம்மண்ணு வந்து படிஞ்சு நூறு வருஷம்கூட ஆகலை. ஆயிரம் வருஷத்துப் பதக்கம் இதுக்குள்ள எப்படி வந்துச்சு? கடையில வாங்கிப் பொதைச்சு வெச்சீங்களா?”

பேராசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. போலி என்று எழுதிவிட்டால் அவர் கதை கந்தல். மேஸ்திரியை விரட்டிச் சல்லடையக்காவை வரவழைத்தார். வந்தவளிடம் குழைந்தாரே ஒரு குழைவு, பார்க்கச் சகிக்கவில்லை.

“சொல்லும்மா, இது எந்த மண்ணுல கெடைச்சதுன்னு மேடம்கிட்ட சொல்லு.”

“நீங்கதானே சார் எடுத்தீங்க? எனக்கு எப்படித் தெரியும்?”

அம்மாள் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் தரையைப் பார்த்தார்.

“அது வந்து... எடுத்தது இந்தம்மாதான் மேடம். நான் அன்னைக்கு வெளியூர்ல இருந்தேன்.”

“அப்படின்னா முதல்ல அதை எழுதச் சொல்லுங்க மேடம். எழுதினப்புறம் இடத்தைக் காட்டறேன். அன்னைக்கே தார்ப்பாய் போட்டு மூடிட்டேன்; பதக்கம் பதிஞ்ச தடம் சாம்பல்ல இன்னும் அப்படியே இருக்கு.”

அம்மாள் பதிவேட்டைப் பேராசிரியர் பக்கம் தள்ளினார். “நீங்களே எழுதுங்க.”

அவர் தன் பெயரை அடித்தார். பக்கத்தில் பேனாவை வைத்தார். வைத்தவர் வைத்தபடியே நின்றார். தண்ணி கொண்டா, குடை பிடி என்று பதினோரு வருஷம் ஏவியவருக்கு அவள் பெயர் தெரியவில்லை. மேஸ்திரியைப் பார்த்தார், மேஸ்திரி வேறு எங்கோ பார்த்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் அவளிடமே திரும்பி, “உங்க பேரு என்னம்மா?” என்றார்.

அவள் உடனே சொல்லிவிடவில்லை. எல்லோரும் பார்க்க அவர் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று, கையில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.